காலினா, ஃபோர்ட் பெண்டா, வில்லியம்சனா? டெக்சஸில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு மக்கள்தொகைக் கணக்கு

மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். ஒருவர் நியூ ஜெர்சியிலிருந்து மாற்றலாகி வருகிறார். இன்னொருவர் நாலு வருடமாக இர்விங்கில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார், மனைவிக்கு ஆஸ்டினில் வேலை கிடைத்திருக்கிறது, மச்சான் வேறு ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருந்துகொண்டு “இங்கே வந்துடுங்க” என்கிறார். “அண்ணா, எங்கே வாங்கலாம்?” கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும்: அமெரிக்காவிலேயே வேகமாக வளரும் ஊர்கள். 2023 ஜூலையிலிருந்து 2024 ஜூலை வரைக்கான கணக்கில் (20 ஆயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில்) முதல் ஐந்து இடத்தில் நான்கு டெக்சஸ் ஊர்கள்தான். பிரின்ஸ்டன், ஃபுல்ஷியர், செலினா, ஆன்னா. “வளர்ற ஊர்ல வாங்கினா விலை ஏறும்ல?”

அந்த ஒரு “ஏறும்ல”தான் சிக்கல். மக்கள் கூடுவதும் உங்கள் வீட்டு விலை கூடுவதும் டெக்சஸில் ஒரே விஷயம் இல்லை. ஆஸ்டினைப் பாருங்கள். 2022 மே மாதம் அந்த மெட்ரோவில் (நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வட்டாரம்) வீட்டு விலையின் நடு மதிப்பு, அதாவது பாதி வீடுகள் அதற்கு மேல், பாதி கீழ், ஐந்தரை லட்சம் டாலரைத் தொட்டது. அதற்குப் பிறகும் ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள், 2024-ல் மெட்ரோ 25.5 லட்சத்தைத் தாண்டியது. விலை? நாலரை லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. வட்டி ஏறியது ஒரு காரணம். வந்த ஆட்களைவிட வேகமாக வீடு கட்டினார்கள் என்பது இன்னொன்று. ஆகவே “எங்கே கூட்டம் கூடுகிறது” என்பதோடு “பக்கத்து வயலில் இன்னும் எத்தனை வீடு கட்டலாம்” என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

நான் ஆறு விஷயம் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் சம எடை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யார் வருகிறார்கள். ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், டெக்சஸில் 254 இருக்கிறது) மக்கள் கூட மூன்றே வழி: பிறப்பு இறப்பைவிட அதிகமாக இருப்பது, அமெரிக்காவின் வேறு இடங்களிலிருந்து குடிவருவது, வெளிநாட்டிலிருந்து வருவது. சென்சஸ் துறை வருடா வருடம் இந்த மூன்றையும் தனித்தனியாகவே தருகிறது, யாரும் படிப்பதில்லை. உள்நாட்டுக் குடிவரவு அதிகம் என்றால் வீடு வாங்கும் கூட்டம். வெளிநாட்டு வரவு அதிகம் என்றால் பெரும்பாலும் முதல் சில வருடம் வாடகைக் கூட்டம், அதோடு விசா விதி மாறினால் குழாயை மூடியது போல் நிற்கக்கூடிய கூட்டம். 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி இருந்தன என்று நினைவிருக்கும்.

நிலம் மிச்சம் இருக்கிறதா. உங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி வயல் இருந்தால் அது காட்சி இல்லை, போட்டி. நீங்கள் ஐந்து வருடம் கழித்து விற்கப்போகும்போது அந்த வயலில் புது வீடு கட்டிய பில்டர், வட்டியை அவரே குறைத்துக் கொடுத்து, பாத்திரம் கழுவும் இயந்திரம் வரை சும்மா கொடுத்து, உங்களிடம் வரவேண்டிய ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்.

பள்ளிக்கூடம் எந்த வயதில் இருக்கிறது. தரமதிப்பீடு எல்லோரும் பார்ப்பார்கள், பள்ளி மாவட்டத்தில் பிள்ளைகள் கூடுகிறார்களா குறைகிறார்களா என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

மொத்த வரி. மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்பட்டுத்தானே வருகிறோம், அதற்கு ஈடாகச் சொத்து வரி. அது கவுண்டி, ஊர், பள்ளி என்று பல அடுக்கு. ஊர் எல்லைக்கு வெளியே புதிதாக முளைத்த குடியிருப்பு என்றால் மட் (MUD, தண்ணீர்-வடிகால் வசதிக்கான தனி வரி மாவட்டம்) என்று இன்னொரு அடுக்கு. தண்ணீர்க் குழாய், கழிவுநீர், வடிகால் போட டெவலப்பர் செலவழித்ததைக் கடன் பத்திரம் விற்று எடுத்துக்கொள்வார்கள், அந்தப் பத்திரக் கடனை அடைப்பது அங்கே வீடு வாங்கியவர்கள். ஐந்து லட்சம் டாலர் வீட்டில் மொத்த வரி 2 சதவீதமா 3 சதவீதமா என்பது வருடத்துக்கு 5,000 டாலர் வித்தியாசம், மாதம் 400-க்கு மேல்.

வேலை எத்தனை தொழிலில் இருக்கிறது. ஒரே தொழிலை நம்பிய மெட்ரோவில் வேலை போனால், அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டை விற்கப் போடுவீர்கள்.

மண்ணும் தண்ணீரும். வெள்ளம், ஆலங்கட்டி, களிமண், நிலத்தடி நீர். கடைசியில் வைத்திருக்கிறேனே தவிர ஹூஸ்டன் பக்கம் வாங்குகிறவருக்கு இதுதான் முதல்.

இதில் எனக்கு மிக முக்கியம் நிலமும் வரியும். பள்ளிக்கூடத்தை எல்லோரும் ஏற்கெனவே பார்த்துவிடுவதால் அது விலையில் ஏறிவிட்டிருக்கும்.

## கணக்கு

| கவுண்டி | மெட்ரோ | 2010 | 2020 | வளர்ச்சி |
|---|---|---|---|---|
| காலின் | டாலஸ் | 7.82 லட்சம் | 10.64 லட்சம் | 36% |
| டென்டன் | டாலஸ் | 6.63 லட்சம் | 9.06 லட்சம் | 37% |
| காஃப்மன் | டாலஸ் | 1.03 லட்சம் | 1.45 லட்சம் | 41% |
| டாலஸ் | டாலஸ் | 23.68 லட்சம் | 26.14 லட்சம் | 10% |
| ஃபோர்ட் பெண்ட் | ஹூஸ்டன் | 5.85 லட்சம் | 8.23 லட்சம் | 41% |
| ஹாரிஸ் | ஹூஸ்டன் | 40.92 லட்சம் | 47.31 லட்சம் | 16% |
| வில்லியம்சன் | ஆஸ்டின் | 4.23 லட்சம் | 6.09 லட்சம் | 44% |
| ஹேஸ் | ஆஸ்டின் | 1.57 லட்சம் | 2.41 லட்சம் | 53% |
| கோமல் | சான் அன்டோனியோ | 1.08 லட்சம் | 1.62 லட்சம் | 49% |

சதவீதத்தை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இந்த அட்டவணையே போதும். ஃபோர்ட் பெண்டும் காஃப்மனும் ஒரே 41 சதவீதம். ஆனால் ஒன்றில் புதிதாகக் கூடியவர்கள் 2.37 லட்சம், இன்னொன்றில் 42 ஆயிரம். ஹாரிஸ் வெறும் 16 சதவீதம் என்று உதட்டைப் பிதுக்குவோம், அங்கே பத்து வருடத்தில் கூடியவர்கள் 6.39 லட்சம் பேர், வில்லியம்சன் கவுண்டியின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு இல்லை.

இன்னொரு வேடிக்கை: ஷுகர் லேண்ட் ஊர் 2010-ல் 78,817 பேர், 2020-ல் 1,11,026. பட்டியலில் பார்த்தால் பிரமாதமான வளர்ச்சி. நடந்தது என்ன என்றால், 2017 டிசம்பரில் கிரேட்வுட், நியூ டெரிட்டரி என்று ஏற்கெனவே ஜனங்கள் குடியிருந்த இரண்டு பெரிய குடியிருப்புகளை ஊர் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் இருந்த வீட்டிலேயேதான் இருந்தார்கள், கோடுதான் நகர்ந்தது. அதனால்தான் ஊர்க் கணக்கைவிடக் கவுண்டிக் கணக்கை நம்பலாம் என்பேன், கவுண்டி எல்லை நகர்வதில்லை.

மாநிலம் முழுக்க வளர்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2010-க்கும் 2020-க்கும் இடையில் டெக்சஸ் 40 லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டது, அதே பத்து வருடத்தில் 254-ல் 143 கவுண்டிகள் ஆள் இழந்தன. கூட்டத்தின் பெரும்பகுதி டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ என்ற முக்கோணத்துக்குள்தான். மேற்கே லவிங் என்று ஒரு கவுண்டி, 2020 கணக்கெடுப்பில் 64 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

## வடக்கு டாலஸ்: காலின், டென்டன்

நான் இருப்பது இந்தப் பக்கம், ஆகவே கொஞ்சம் சாய்வு இருக்கும், தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

வேலைப் பரப்பில் இதற்கு ஈடு மாநிலத்தில் வேறெங்கும் இல்லை. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, கார் நிறுவனம் என்று பல தொழில். டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017-ல் பிளானோவுக்குக் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது மட்டும் இல்லை என்பதுதான் பலம். ஒரு துறை படுத்தால் இன்னொன்று நிற்கும். மெட்ரோ முழுக்க 2024-ல் 83 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்ச் சூழலுக்கும் குறைவில்லை, ஃபிரிஸ்கோவில் ஹனுமான் கோயிலுக்குச் சனிக்கிழமை காலை போனால் பார்க்கிங் தேடும்போதே நாலு தெரிந்த முகம் பார்த்துவிடலாம்.

ஆனால் காலினை ஒரே இடமாகப் பார்க்கக் கூடாது. தெற்கிலிருந்து வடக்கே காரில் போனால் ஒரு புறநகரின் முழு ஆயுளையும் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பிளானோ முதிர்ந்துவிட்டது. வீடு இருக்கிறது, வீட்டில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், சின்னக் குழந்தை உள்ள குடும்பம் அந்த விலைக்கு உள்ளே வர முடியவில்லை. 2024 ஜூனில் பிளானோ பள்ளி வாரியம் நான்கு பள்ளிகளை மூட ஓட்டுப் போட்டது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளிகளுக்காகத்தான் ஜனங்கள் ஏலம் எடுத்த மாதிரி வீடு வாங்கினார்கள். அடுத்தது ஃபிரிஸ்கோ: 1990-ல் 6,138 பேர், 2020-ல் இரண்டு லட்சம். அங்கேயும் பள்ளியில் சேரும் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறுவது நின்றுவிட்டது. அதற்கும் வடக்கே பிராஸ்பர், செலினா, இன்னும் குழந்தைகள் குவிகிற இடம். கிழக்கே பிரின்ஸ்டன், ஒரே வருடத்தில் 30.6 சதவீதம் வளர்ந்து நாட்டிலேயே முதலிடம், 37 ஆயிரம் பேர். அந்த முதலிடத்தின் மறுபக்கம், 2024 செப்டம்பரில் அந்த ஊரே புது வீட்டுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. தண்ணீர், கழிவுநீர், சாலை, போலீஸ் எதுவும் ஈடுகொடுக்கவில்லை. காலை ஏழரைக்கு நெடுஞ்சாலை 380-ல் நின்று பார்த்தவர்களுக்குத் தடைக்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு: சுங்கச் சாலை. டாலஸ் நார்த் டோல்வேயில் தினம் போய்வந்தால் அது ஒரு தனி மாதச் சந்தா. ஆலங்கட்டி இன்னொன்று. காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிக்கான சுயபொறுப்புத் தொகை பெரும்பாலும் வீட்டு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும். ஆறு லட்சம் வீட்டில் இரண்டு சதவீதம் என்றால் கூரை போனால் முதல் 12,000 டாலர் உங்களுடையது. அப்புறம் களிமண். வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், அஸ்திவாரத்தை ஆட்டும். ஆகஸ்ட் மாதம் இங்கே வீட்டைச் சுற்றி ஓட்டைக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவோம், செடிக்கு விடுகிற மாதிரி. போன வருடம் ஊரிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, “சுவருக்கா தண்ணி ஊத்துறே?” என்று இரண்டு நாள் சிரித்தார்.

இது யாருக்கு: கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பவர்கள், வேறு வேறு துறையில் இருப்பவர்கள், அடுத்த வேலையையும் ஊர் மாறாமல் தேட நினைப்பவர்கள். மெக்கின்னி, ஃபிரிஸ்கோ மாதிரி பாதி வயதான ஊரில் 10-15 வருட வீடு என் தேர்வு. சுற்றி நிலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, பள்ளி நிலைபெற்றுவிட்டது, மரம் கூட நிழல் தரும்.

## ஹூஸ்டனின் தென்மேற்கு: ஃபோர்ட் பெண்ட்

ஷுகர் லேண்ட், மிசூரி சிட்டி, கேட்டியின் ஒரு பகுதி, ரிச்மண்ட், ஃபுல்ஷியர். ஃபுல்ஷியர் 2010-ல் 1,134 பேர் இருந்த கிராமம், 2024-ல் 54 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கவுண்டியில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளி. மீனாட்சி கோயில் பக்கத்து பிரசோரியா கவுண்டியில், பேர்லேண்டில். அமெரிக்காவில் மதுரை நினைவு வர வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஒரே பணத்துக்குக் கிடைக்கும் வீட்டின் அளவில் வடக்கு டாலஸை ஃபோர்ட் பெண்ட் தோற்கடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம்.

விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது மட் வரி, ஹூஸ்டனைச் சுற்றிய வளர்ச்சியே மட் மேல் கட்டியதுதான். வரி மொத்தம் 3 சதவீதம் பக்கம் வருகிற குடியிருப்புகள் இங்கே சாதாரணம். நல்ல செய்தி, வீடுகள் நிறைய நிறைய, பத்திரக் கடன் அடைய அடைய, மட் விகிதம் இறங்கும். அதனால் இருபது வருடப் பழைய குடியிருப்பில் மட் வரி அற்பமாக இருக்கலாம், எதிரே புதிதாகக் கட்டிய குடியிருப்பில் அதுவே ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கலாம். இரண்டு வீடும் ஒரே விலை சொன்னால் ஒரே விலை இல்லை.

இரண்டாவது தண்ணீர். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மேற்புறம் இருந்த சின்கோ ரான்ச், கேன்யன் கேட் பக்கத்து வீடுகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அது சாதாரண ஆற்று வெள்ளம் இல்லை. ஹூஸ்டன் நகரைக் காக்கக் கட்டிய அந்தத் தேக்கம் நிறைந்தால் தண்ணீர் எங்கே பரவுமோ அந்தப் பள்ளத்திலேயே குடியிருப்புகளைக் கட்டியிருந்தார்கள். நூறாண்டு வெள்ள வரைபடத்தில் அந்த வீடுகள் பல இல்லவே இல்லை. சில குடியிருப்புகளின் மனை வரைபடத்தில் மட்டும் ‘இந்த நிலம் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, நீண்ட நேரம் நீரில் மூழ்கலாம்’ என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வீட்டு வரைபடத்தை யார் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள்? நீங்கள் படியுங்கள். மனை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், ஹார்வியில் தண்ணீர் வந்ததா என்று பக்கத்து வீட்டில் கதவைத் தட்டிக் கேளுங்கள், வெள்ளக் காப்பீடு வங்கி கேட்காவிட்டாலும் எடுங்கள்.

மூன்றாவது எண்ணெய். ஹூஸ்டன் 1980-களில் இருந்த அளவுக்கு எண்ணெயை மட்டும் நம்பி இல்லை, மெடிக்கல் சென்டர் என்ற பெரிய மருத்துவமனை வளாகம் ஒரு பெரிய தூண். இருந்தாலும் 2015-16-ல் எண்ணெய் விலை விழுந்தபோது கேட்டி பக்கம் பொறியாளர் வீடுகள் வரிசையாக விற்பனைப் பலகை போட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அதோடு 2024 ஜூலையில் பெரில் புயலில் ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். ஜெனரேட்டர் விலையையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

இது யாருக்கு: மருத்துவத் துறை, எரிசக்தித் துறைக்காரர்கள், அப்பா அம்மாவோடு சேர்ந்து இருப்பதால் கீழ்த்தளத்திலேயே இரண்டு படுக்கையறை வேண்டும் என்பவர்கள். உயரமான மனை, பழைய மட், ஹார்வியில் நனையாத வீடு, இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தால் மாநிலத்திலேயே நல்ல பேரம் இதுதான்.

## ஆஸ்டின் வடக்கும் தெற்கும்: வில்லியம்சன், ஹேஸ்

ரவுண்ட் ராக், சீடர் பார்க், லியாண்டர், ஜார்ஜ்டவுன் எல்லாம் வில்லியம்சன். கணினி நிறுவனம் டெல்லின் தலைமையகம் ரவுண்ட் ராக்கில்தான். 2021-ல் சாம்சங் டெய்லரில் 1,700 கோடி டாலர் சிப் தொழிற்சாலை என்று அறிவித்ததும் அந்தப் பக்கத்து வயல்கள் எல்லாம் மனையானது. ஜார்ஜ்டவுன் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த ஊர் (50 ஆயிரம் பேருக்கு மேல் உள்ளவற்றில்). தெற்கே ஹேஸ் கவுண்டி, அதில் கைல், பூடா. பத்து வருடத்தில் 53 சதவீதம், பெரிய கவுண்டிகளில் நாட்டிலேயே முதலிடம்.

ஊர் அழகு, மலைச்சாரல், ஏரி, பசங்களுக்குச் சைக்கிள் பாதை, எல்லாம் சரி. ஆனால் 2022-ல் உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் கணக்கை நேர் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் லியாண்டரில் அப்போது கேட்ட விலைக்கு மேலே 60 ஆயிரம் போட்டு வாங்கினார், இப்போது அதே தெருவில் அதே மாடல் வீட்டைப் பில்டர் குறைத்து விற்கிறார். அவர் அந்தத் தெரு வழியாக நடைப்பயிற்சி போவதையே நிறுத்திவிட்டார். இது மக்கள் போய்விட்டதால் வந்த வீழ்ச்சி இல்லை, மறுபடியும் சொல்கிறேன், மக்கள் வந்துகொண்டே இருக்கும்போது வந்த வீழ்ச்சி. அதே காரணத்தால் இப்போது வாங்குகிறவருக்கு பேரம் பேச இடமும் இங்கேதான் அதிகம்.

தொழில் விஷயத்தில் இது ஒற்றைக் கால் நாற்காலி இல்லை, இரண்டு கால்: மென்பொருள், சிப். இரண்டும் ஒன்றாக ஆடும். இருவரும் ஐ.டி. என்றால் யோசிக்க வேண்டும்.

ஹேஸில் தண்ணீரைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் 2021 நவம்பரில் கழிவுநீர்க் கொள்ளளவு போதாமல் புதுக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. விம்பர்லி பக்கம் ஜேக்கப்ஸ் வெல் என்ற ஊற்றில் ஒரு காலத்தில் பிள்ளைகள் குதித்து நீந்துவார்கள், வறட்சியும் நிலத்தடி நீர் உறிஞ்சலும் சேர்ந்து ஊற்று நின்று போய் 2022-ல் நீச்சலுக்கு மூடிவிட்டார்கள். மலைப்பக்கம் கிணற்று நீரை நம்பிய வீடு என்றால் ஆழத்தைக் கேளுங்கள்.

இது யாருக்கு: வேலை ஆஸ்டினில் உறுதியாக இருக்கிறவர், எட்டுப் பத்து வருடமாவது நகரமாட்டேன் என்பவர். மூன்று வருடத்தில் கிளம்பக்கூடியவருக்கு வேண்டாம்.

## விளிம்பு: காஃப்மன், கோமல்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காஃப்மன் 2022-23-ல் 7.6 சதவீதம் வளர்ந்து நாட்டின் கவுண்டிகளில் (20 ஆயிரம் பேருக்கு மேல் உள்ளவற்றில்) முதலிடம். ஏன்? காலினில் வாங்க முடியாதவர்கள் கிழக்கே நகர்ந்தார்கள், அவ்வளவுதான். விலை குறைவு, மட் அதிகம், பயணம் நீளம், நிலத்துக்குப் பஞ்சமே இல்லை, அதாவது போட்டிக்கும் பஞ்சம் இல்லை. வீட்டிலிருந்தே வேலை என்று நினைத்து 2021-ல் இப்படிப் போனவர்களை அலுவலகம் வாரம் நாலு நாள் கூப்பிட ஆரம்பித்த பிறகு பாருங்கள். கோமல், நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கம், சான் அன்டோனியோவிலும் ஆஸ்டினிலும் ஆளுக்கொரு வேலை இருக்கிற தம்பதிக்கு நடுவில் விழும், அது ஒன்றுதான் நான் பார்த்த நல்ல காரணம். அங்கேயும் கேன்யன் ஏரி 2023-24-ல் இதுவரை இல்லாத அளவுக்கு வற்றியதை மறக்க வேண்டாம்.

## யாரும் பட்டியலில் போடாதது: ஹாரிஸ், டாலஸ் கவுண்டிகள்

அட்டவணையில் மெதுவாக நடக்கிற இரண்டும் இவைதான். இரண்டிலும் உள்நாட்டுக் கணக்கு கழித்தல்தான், புறநகருக்குப் போகிறவர்கள் வருகிறவர்களைவிட அதிகம். ஆனாலும் ஹாரிஸ் 2023-24-ல் மட்டும் 1,05,852 பேரைச் சேர்த்தது, அமெரிக்காவின் எந்தக் கவுண்டியைவிடவும் அதிகம். பிறப்பும் வெளிநாட்டு வரவும்தான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. டாலஸ் கவுண்டியில் காப்பெல், இர்விங்கின் வேலி ரான்ச் பக்கம் நிலம் முடிந்துவிட்டது, அலுவலகமும் விமான நிலையமும் பக்கம், மட் இல்லை. வீடு பழசு, சமையலறை இருட்டு, கூரை மாற்ற வேண்டியிருக்கும். நம்மவர்கள் புது வீட்டு வாசனைக்காக இதைத் தாண்டி நாற்பது மைல் போகிறார்கள். பயணத்தில் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் இது அவ்வளவு மட்டமான தேர்வு இல்லை, குறிப்பாக ஒரு கார் மட்டும் வைத்துச் சமாளிக்கிற குடும்பத்துக்கு.

## புது வீடு வாங்குகிறவர்களுக்கு மட்டும்

எந்தக் கவுண்டியானாலும் இது பொருந்தும், நானே அடிபட்டதால் சொல்கிறேன். சொத்து மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி போடுவார்கள். நான் மார்ச்சில் சாவி வாங்கிய வீடு அந்த ஜனவரி 1 அன்று வெறும் மண். முதல் வருட வரி மண்ணுக்கு மட்டும் வந்தது, அதை வைத்து எஸ்க்ரோ (வரிக்கும் காப்பீட்டுக்கும் கடன் கொடுத்தவர் மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம்) கணக்குப் போட்டதால் மாதத் தவணை கையடக்கமாக இருந்தது, நானும் புது சோபா எல்லாம் வாங்கினேன். அடுத்த வருடம் ஒரு உறை வந்தது. முழு வீட்டுக்கும் வரி, போன வருடப் பற்றாக்குறை, இரண்டும் சேர்ந்து மாதத் தவணை ஆயிரம் டாலருக்கு மேல் ஏறியிருந்தது. கடன் கொடுத்தவர்களும் சொல்லவில்லை, விற்றவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. விற்பனை அலுவலகத்தில் தவணை சொல்லும்போது “முழு மதிப்புக்கு, மட், பி.ஐ.டி. (குடியிருப்பு மேம்பாட்டுக்கான தனிக் கட்டணம்), எச்.ஓ.ஏ. (குடியிருப்போர் சங்கச் சந்தா) எல்லாம் சேர்த்து இரண்டாம் வருடம் எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குடியேறிய பிறகு ஹோம்ஸ்டெட் (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) விண்ணப்பத்தை நீங்கள்தான் போட வேண்டும், தானாக வராது. அது இருந்தால்தான் வரி போடும் மதிப்பு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிற்கும்.

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

நியூ ஜெர்சிக்காரருக்கு: மெக்கின்னி, 2010-க்குப் பக்கத்தில் கட்டிய வீடு, பிரின்ஸ்டன் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். மச்சான் கேட்டியில் இருக்கிறவருக்கு: மனைவியின் ஆஸ்டின் வேலை நிரந்தரமானால் ரவுண்ட் ராக்கில் பழைய வீடு, பேரம் பேசத் தயங்காதீர்கள். இல்லையென்றால் மச்சான் வீட்டுக்கு ஹார்வியில் தண்ணீர் வந்ததா என்று முதலில் கேளுங்கள். அவர் கேட்டார். முழங்கால் வரை வந்ததாம், எட்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

விசா புதுப்பிப்பு காத்திருப்பில் இருக்கிறவர்கள், மூன்று வருடத்துக்குள் திரும்பிப் போகலாம் என்று மனதின் ஒரு மூலையில் வைத்திருப்பவர்கள் இந்த ஆறு அளவுகோலையும் போட்டுப் பார்க்கவே வேண்டாம். விற்கும்போது முகவர் கமிஷனே ஐந்தாறு சதவீதம் தின்னும், பக்கத்து வயலில் பில்டர் வேறு காத்திருப்பார். மச்சான் கேட்டியில் இருக்கிறவரும், இர்விங்கில் வீட்டு உரிமையாளர் சுவரில் ஆணி அடிக்க விடவில்லை என்று கோபப்பட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். மனைவியின் வேலை நிலை தெரியும்வரை இன்னும் ஒரு வருடம் வாடகை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ளச் சொன்னேன்.